பஹ்மா படுக்காத குழி

பஹ்மாவுக்கு இருபத்துநான்கு வயது நிறைந்த வியாழக்கிழமை, மாம்புரியில் அவளுடைய மிளகாய்த் தோட்டத்தின் நடுவே, அவள் உயரத்துக்கு அளவெடுத்தது போல ஒரு கபுறு, ஆளைப் புதைக்கிற குழி, தானாகத் திறந்தது. வடக்குத் தெற்காக, ஓரம் சரியாமல் நேர்த்தியாக இருந்தது. பதினேழு செடிகள் உள்ளே போயின. அந்த வாரம் பச்சை மிளகாய் கிலோ அறுநூறு ரூபாய்.

ஊருக்கு இது புதிதில்லை. அவளுடைய வாப்பாவின் வாப்பா இஸ்ஹாக்குக்கு ஐம்பத்தாறு வயதில் இப்படித்தான் திறந்தது. வாப்பா ஜபாருக்கு நாற்பதில் திறந்தது. இருவருக்கும் அதற்கு முன்பே தலை நரைத்து, நுரையீரல் இறுகி, மூச்சு பாதியாகியிருந்தது. இருவரும் மரியாதைக்காரர்கள். வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டுவிட்டு, குழியைக் காக்க வைக்காமல் மௌத்தாகி அதில் அடங்கினார்கள். ஊர் பதினாறு வருடத்தைக் கழித்துப் பார்த்து, பஹ்மாவுக்கு இருபத்துநான்கு என்று முடிவு கட்டியது. ஒன்பது வயதிலேயே அவள் தலை வெள்ளையாகியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவளைச் சுற்றி அடக்கக் கபன் துணி மட்டும் இரண்டு வீடுகளில் வாங்கி வைத்திருந்தார்கள். இதை எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கின் மேல் அன்றும் கோபம்தான், இன்றும் கோபம்தான்.

பஹ்மா குழியின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிளேன்டீ குடித்தாள். பக்கத்துத் தோட்டத்து முஆஸ் வந்து பார்த்தார்.

"திறந்த கபுற சும்மா உட்டா வேற ஆளக் கேக்கும் தங்கச்சி."

"கேட்டா நீங்க இறங்குங்க காக்கா. நான் படுக்க மாட்டன்."

விவகாரம் பள்ளிவாசலுக்குப் போனது. மௌலவி வந்து எட்டிப் பார்த்து, மையித்து இல்லாத கபுறு கபுறில்லை, அது வெறும் பள்ளம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவளுடைய தாய் ஆசியா உம்மாவால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. "மண்ணப் போட்டு மூடு புள்ள, எனக்குப் பாக்கேலா" என்று அழுதார். பஹ்மா மூடினாள். காலையில் திறந்திருந்தது. மறுபடி மூடினாள், மறுபடி திறந்தது. மூன்றாம் நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டர் நிலானி அவளுடைய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து, ஆறு வாரம் கழித்து விஷயத்தைச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நூல்கள் இருக்கின்றன. கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் நூலின் நுனி கொஞ்சம் குறையும். குறைந்ததை நீட்டிக் கொடுக்கும் நொதியத்துக்கு டெலோமரேஸ் என்று பெயர். இந்தக் குடும்பத்தில் அது அரை வேலைதான் செய்கிறது. நுனி குட்டையாகவே பிள்ளைக்குப் போவதால் நோயும் முந்தி வருகிறது. அந்த நொதியத்தையே ஊசியில் ஏற்றிவிடலாமே என்று பஹ்மா கேட்டாள். அது கட்டுமீறி வேலை செய்தால் புற்றுநோய்க் கலங்கள் சாக மறந்து பெருகும், அதனால் சும்மா ஏற்ற முடியாது என்றார் டாக்டர். நோய் முந்தி வருவது உண்மை, பதினாறு வருடம் என்பது மாம்புரி போட்ட கணக்கு என்றும் சொன்னார். ஆண் ஹார்மோனைச் சேர்ந்த ஒரு மாத்திரை எழுதினார்.

மாத்திரையால் குறைந்திருந்த இரத்தம் ஏறியது, மீசையும் அரும்பியது. பஹ்மா அதை மழிக்கவில்லை. வந்து பார்த்த பெண்களிடம், "வடிவா மௌத்தாகிறத விட மீசையோட இரிந்துட்டுப் போறன்" என்றாள்.

இதற்குள் குழியில் இடுப்பளவு தண்ணீர் ஊறியிருந்தது. அந்த மணலில் ஆறடியில் தண்ணீர் வருவது அதிசயமில்லை. மற்றக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போன அந்தக் கோடையில் இது மட்டும் இனித்தது. பஹ்மா மோட்டாரை வைத்து மிளகாய்க்குப் பாய்ச்சினாள். முஆஸும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழாயோடு வந்தார்.

அடுத்த வருடம் அதே வாரம் கத்தரிப் பாத்திக்கு அருகே இன்னொன்று திறந்தது. அதற்கடுத்த வருடம் நாட்டில் டீசல் இல்லை. பஹ்மா வாளியால் இறைத்தாள், நாலு வாளிக்கு ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு. நுரையீரல் அவளுக்கும் இறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் எத்தனை வருடம் என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

இருபத்தொன்பது நிறைவதற்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர் எட்டாத பூசணி மூலையில் பஹ்மா நாலு முளை அடித்துக் கயிறு கட்டினாள். "இந்த முற இங்க திற. வேற இடத்துல திறந்தா மூடிப் போடுவன்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். வியாழக்கிழமை காலை குழி கயிற்றுக்குள்ளேயே திறந்தது. ஒரு பூசணிக் கொடியும் அறவில்லை. பகலுக்குள் தண்ணீர் வந்தது. ஆசியா உம்மா கிட்டப் போய், உள்ளே நன்றாகக் குனிந்து பார்த்து, குழாயை இறக்கினார்.