ஐந்தருவியில் ஓர் உடற்தகுதிச் சான்று

வியாழக்கிழமை காலை தாளாளர் அறையில் இருந்தவர்கள்: தாளாளர் நாறும்பூநாதன். உடற்கல்வி இயக்குநர் பிச்சுமணி. அமெரிக்கப் பயிற்சியாளர் டுவெய்ன் ஹார்ஸ்லி, கைப்பிடி இல்லாத பெஞ்சில், ஏனென்றால் நாற்காலி எதுவும் அவரைக் கொள்ளாது. இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் மணிமுத்து. அவன் அம்மா பேச்சித்தாய், அச்சன்புதூரில் நடுகையைப் பாதியில் விட்டு வந்தவள், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. மொழிபெயர்க்க நான். டாக்டர் யாரும் இல்லை. அதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹார்ஸ்லி அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலில் ஒன்பது வருடம் தடுப்பு வரிசையில் நின்றவர். அந்த வரிசைக்காரன் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். எதிரே நிற்கும் நூற்றைம்பது கிலோ ஆளை முட்டித் தள்ளிவிட்டு, அவனுக்குப் பின்னால் பந்தோடு நிற்பவனைச் சாய்ப்பதுதான் வேலை. முழங்கால் போன பிறகு பயிற்சியாளர் ஆனார். அங்கே மூன்று கல்லூரிகள் அவரை வேண்டாம் என்ற பிறகு தென்காசிக்கு வந்தார். நாறும்பூநாதனுக்கு அட்மிஷன் பேனரில் போட ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார். இரண்டு பேருக்கும் பொருந்திவிட்டது. சென்னையில் கால் சென்டரில் இரண்டு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்து, அதையும் விட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்த எனக்கும் பொருந்திவிட்டது.

கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஃபுட்பால் அணி முழுக்கக் கபடிப் பையன்கள். கபடியில் தலையைத் தாழ்த்திப் பாய்ந்து காலைக் கட்டுவார்கள். இந்த ஆட்டத்தில் தலை நிமிர்ந்திருக்க வேண்டும், மோதுவது தோளாக இருக்க வேண்டும். கோச் தினமும் கத்தினார். நான் அதைத் தமிழில் கத்தினேன். கபடியில் பதினைந்து வருடம் ஊறிய உடம்பு கத்தலுக்கு மாறவில்லை. இருபத்தாறு பேருக்கு ஒன்பது ஹெல்மெட். உள்பஞ்சில் ஒன்பது விதமான வியர்வை நாற்றம். செவ்வாய்க்கிழமை மணிமுத்து தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் இன்னொருவன் முழங்காலில் உச்சந்தலையைக் கொடுத்தான். அப்போது ஹெல்மெட் அவன் தலையில் இல்லை, வரிசையில் அடுத்து நின்றவன் தலையில் இருந்தது.

விழுந்தான். எழுந்தான். எதிரணிப் பக்கம் போய் நின்றான். பிறகு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பத்து நிமிடத்துக்குள் என்னிடம் மூன்று தடவை, "டீ வந்துட்டா?" என்று கேட்டான். மூன்று தடவையும் அவன் கையில் டீ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் அணியோடு ஆட்டம். சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர். பேனரில் கோச்சுக்குப் பக்கத்தில் மணிமுத்து படம்தான். அவனை விட்டால் நடுவில் நிற்க ஆள் இல்லை.

"தலை இன்னும் கனமா இருக்கால?" என்று நாறும்பூநாதன் கேட்டார்.

"லேசா இருக்கு சார். வெயிலப் பாத்தா கண்ணு கூசுது. விளையாடிருவேன்."

பிச்சுமணி சிரித்தார். "சூடு தலைக்கேறிட்டு அண்ணாச்சி. வேறொண்ணும் இல்ல. சாரல் நல்லா விழுது. உச்சியில எண்ணெய வச்சு அரக்கித் தேச்சு, ஐந்தருவியில அரை மணி நேரம் நிப்பாட்டினா எல்லாம் எறங்கிரும். பைத்தியமே தெளியுது, இது தெளியாதா?"

"அதுவும் சரிதான்," என்றாள் பேச்சித்தாய். "இவனுக்கு சின்னப்புள்ளையிலயே சூட்டு ஒடம்பு."

என்ன பேசுகிறார்கள் என்று கோச் கேட்டார். சொன்னேன். முப்பதடி உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் அவன் தலையைக் கொடுக்கப் போகிறார்கள் என்று, அடிக்கணக்கோடு சொன்னேன். அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரியும். அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். கொஞ்ச நேரம் மேசையிலிருந்த பேனர் நகலைப் பார்த்தார்.

"இது இங்கே பரம்பரை வைத்தியமா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்."

"அப்படியானால் நான் குறுக்கே வரக்கூடாது. உங்கள் பண்பாட்டை நான் மதிக்கிறேன்."

மூன்று மாதமாக இட்லியைப் பார்த்து மூக்கைச் சுளித்த ஆள். காரைத் தொடுவதற்கு முன் கையைச் சானிடைசரில் கழுவுகிற ஆள். அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பண்பாட்டை மதித்தார்.

கல்லூரி வேனிலேயே போனோம். சீசன் கூட்டம். ஐந்தருவிப் பாதை முழுக்க ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, பாறையிடுக்கில் யாரோ கழற்றிப்போட்ட ஜட்டி. சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய் வாடையும் ஆள்மேல் தேய்க்கும் எண்ணெய் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி வரிசையை நெருக்கிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்த ஒருவன், "ஏலே, மலை மாதிரி இருக்காம்லே!" என்று கோச்சோடு செல்ஃபி எடுத்தான். கோச் பல்லைக் காட்டினார்.

எண்ணெய் தேய்க்கிற பேச்சிமுத்து மணிமுத்துவைப் பலகையில் உட்காரவைத்து, உச்சியில் எண்ணெய் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இவன் எங்கயும் விழுந்தானா?"

"விளையாட்டுல லேசா ஒரு தட்டு," என்றார் பிச்சுமணி.

"கண்ணுல கருமணி ரெண்டும் ஒரே அளவுல இல்லியே சார். ஒண்ணு விரிஞ்சு கெடக்கு. நான் தலையத் தொடமாட்டேன். அருவியிலயும் விடாதிய."

"நீரு எப்பம்வே டாக்டருக்குப் படிச்சீரு? தேய்க்கத மட்டும் பாரும்."

"காலு, முதுகுன்னா தாரும். தேய்க்கேன். தலைய நீரே தேயும்."

பிச்சுமணியே தேய்த்தார். பேச்சிமுத்து சொன்னதைக் கோச்சிடம் சொன்னேன். அவர் மணிமுத்துவின் பக்கம் திரும்பவில்லை. பேன்ட்டைச் சுருட்டி, வீங்கிய முழங்காலைப் பேச்சிமுத்துவிடம் நீட்டினார். "இதைப் பார்க்கச் சொல்," என்றார். பேச்சிமுத்து பார்த்தார். அவருக்கும் பிழைப்பு.

மணிமுத்து அருவிக்குள் போனான். தண்ணீர் அவன் பிடரியில் விழுந்து தலையை முன்னால் தள்ளியது. பிச்சுமணி அவன் முடியைப் பிடித்து மறுபடியும் நேராக நிறுத்தினார். பேச்சித்தாய் இந்தப் பக்கம் துண்டோடு நின்று கும்பிட்டாள். அரை மணி நேரம். வெளியே வந்தவன் உதடு நீலம். சிரித்தான். "எல்லாம் எறங்கிட்டு சார்," என்றான். குளிரில் கொஞ்ச நேரம் எல்லாருக்கும் வலி இறங்கினது போலத்தான் இருக்கும்.

கோச் அவன் முன்னால் போய் இரண்டு விரலைக் காட்டினார். "எத்தனை?"

"ரெண்டு."

அவன் தோளில் தட்டினார். பிச்சுமணி நீட்டிய உடற்தகுதிப் படிவத்தில், வேன் பானெட்டின் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

முந்தின மாதம் செங்கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் அவரே சொல்லியிருந்தார். அவருடைய அணி டாக்டர் எப்போதும் இரண்டு விரலைத்தான் காட்டுவாராம். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியுமாம். கண் இருட்டிக் கிடக்கும்போதும் "இரண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்களாம். அடிபட்ட மண்டை பிறகு என்னவெல்லாம் செய்யும் என்பதையும் விவரமாகச் சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்கத் தன் மகள் பெயர் ஞாபகம் வரவில்லை என்றும், கழிவறையில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். அப்போது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

"கோச்சு என்ன சொல்லுதாரு தம்பி?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"விளையாடலாம்னு சொல்லுதாரு யக்கா."

நான் மொழிபெயர்த்தேன். என் வேலை அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் அழுகை இல்லை.

"தம்பி, இவன் அவங்க அய்யாவக் கேக்கான்."

"என்னக்கா?"

"அய்யா வயல்லயிருந்து இன்னும் வரலியான்னு கேக்கான். அவரு செத்து மூணு வருசமாச்சு. கொள்ளி வச்சதே இவன்தான். சொன்னேன். ஆமால்லான்னு சொல்லிட்டு, சோறு தின்னுட்டு மறுபடியும் கேக்கான். அந்த வெள்ளக்காரன் நெசமாவே சரியாருக்குன்னுதான் சொன்னானா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விரலை, பேச்சிமுத்து பார்த்த கண்ணை, அருவியில் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்பதை. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் ஆள் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று போய்விடுவான் என்பதை. இன்னொரு அடி பட்டால் முடிந்தது என்பதை.

"இதெல்லாம் அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீயும் ஒரு தாய்க்குப் பொறந்தவன்தானா?" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு வாலேன்னா வரமாட்டேங்கான். தூக்கிட்டுப் போவ எனக்குத் தெம்பு இல்ல. மேட்ச் முடியட்டுங்கான். இன்னைக்கு நெருக்கினா காலேஜுக்கு ஓடிருவான். நாளைக்கு வெள்ளன வந்து சேரு."

ஞாயிறு காலை நான் போய் இறங்கும்போது கல்லூரி வேன் அவள் வாசலில் நின்றது. முன்சீட்டில் கோச். பிச்சுமணி இறங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமுத்து குளித்து, திருநீறு பூசி, தலை சீவி நின்றான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். அது அவனுக்குத் தெரியவில்லை.

பேச்சித்தாய் வேனுக்குப் பக்கத்தில் போனாள். "கேளு தம்பி. இவரு பெத்த புள்ளைன்னா இன்னைக்கு எறக்குவாரா?"

கேட்டேன். கோச் கண்ணாடியை முழுதாக இறக்கவில்லை. "அவன் வயது வந்தவன்," என்றார். "முடிவு அவனுடையது."

அதையும் மொழிபெயர்த்தேன். அவள் வேனின் படிக்கட்டுப் பக்கம் காறித் துப்பினாள்.

"யம்மா, என்ன இது? அங்கன சீஃப் கெஸ்ட் வந்தாச்சு," என்றார் பிச்சுமணி. "ஏலே, ஜெர்சிய எடுத்துட்டு ஏறுலே!"

"எங்க வச்சேன்னு தெரியலியே சார்," என்றான் மணிமுத்து.

"உள்ள கொடியில கெடக்கு. போய் எடு," என்றாள் அவள், சாதாரணமாக.

அவன் வாசல் நிலையில் தோள் இடிக்க உள்ளே போனான். அவள் என்னிடம், "நூத்தியெட்டக் கூப்பிடு. நாலு ஆம்பளையா வரச்சொல்லு. அதுவரைக்கும் சன்னல் வழியா அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு," என்றாள். பிச்சுமணி வீட்டுப் படியில் கால் வைப்பதற்குள் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டி, மடியிலிருந்த பூட்டை எடுத்துப் பூட்டினாள்.