கேட்டுவிட்டுப் போடும் சோறு

பானையைத் திறந்து வைத்து வெகுநேரம் ஆகியும் வரிசையில் ஒருவரும் இல்லை. டயர்க்காரர் கரண்டியின் முதுகால் சோற்றைத் தட்டிச் சமப்படுத்தினார். அது முன்பே சமமாகத்தான் இருந்தது.

அவருடைய பஞ்சர் கடையின் பக்கவாட்டில் பழைய டயர்கள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டிருந்தன. ஞாயிறுதோறும் கடைக்கு விடுமுறை, இல்லாதவர்களுக்கு இலவசச் சோறு, அந்த டயர்கள்தான் பந்தி. உட்கார்ந்தால் லேசாக அமுங்கும், எழுந்தால் உடையின் பின்பக்கம் கறுத்திருக்கும். அதற்காக அவர் மனைவி பழைய போர்வையைக் கிழித்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு போட்டு வைப்பாள். இன்று துண்டுகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

"யாருமே வரலை" என்றார் மனைவியிடம்.

"வயிறு ஒண்ணுதானேங்க. அங்க நெறஞ்சா இங்க எதுக்கு வரணும்?"

அங்கே என்பது இரண்டு தெரு தள்ளிப் பழைய தபால் நிலையக் கட்டடம். அரசாங்கம் போன மாதம் அதற்கு வெள்ளையடித்து உணவுக்கூடமாக்கியிருந்தது. யார் வந்தாலும் தினம் ஒரு வேளைச் சாப்பாடு, இலவசம்.

"அரசாங்கச் சோறு. கல்லும் மண்ணும்தான் இருக்கும். எலெக்‌ஷன் முடிஞ்சதும் இழுத்து மூடிடுவாங்க, பாரு."

"அவங்க சாப்பிட்டாப் போதும்னுதானே நீங்க ஆரம்பிச்சீங்க?"

அவர் மறுபடி கரண்டியால் சோற்றைத் தட்டினார். போன வாரம் கறி போட்டுப் பார்த்தார். இந்த வாரம் இனிப்பும் சேர்த்திருந்தார். எதிர்வீட்டுப் பூனைக்குத்தான் யோகம் அடித்தது.

சோறு போடுமுன் ஒவ்வொருவரையும் விசாரிப்பது அவர் வழக்கம். கரண்டி பானைக்கும் தட்டுக்கும் நடுவில் அப்படியே நிற்கும். கால் வலி போச்சா? பையன் வேலைக்குப் போறானா? மருமக பேசறாளா? பதில் வந்த பிறகுதான் கரண்டி சாயும். அதை ஒரு நிபந்தனையாக அவர் நினைத்ததே கிடையாது. பசித்தவனுக்குச் சோறு யாரும் போடலாம், மனுஷனாக மதித்து இரண்டு வார்த்தை கேட்பதுதான் பெரிது என்பது அவர் கட்சி. கேட்ட கதைகளை இரவில் மனைவியிடம் சொல்லி வருத்தப்படுவார். அந்த வருத்தத்தில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கதை சொல்வதில் மன்னன் ஒரு பழைய லாரி ஓட்டுநர். 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவர். அவர் முறை வந்தால் வரிசையே காதைத் தீட்டிக்கொள்ளும். "போன வாரம் செத்துப்போன அண்ணன், இந்த வாரம் ஆஸ்பத்திரியில இருக்காராம்" என்று மனைவி ஒருமுறை சிரித்தபோது டயர்க்காரருக்குக் கோபம் வந்தது. கஷ்டத்தில் இருப்பவனுக்கு முன்னே பின்னே குழம்பாதா?

புதன்கிழமை மதியம், வால்வு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் தபால் நிலையக் கட்டடத்துக்குப் போனார். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் வாசலில் நின்றால் அது வரிசை. பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'சாப்பிட வருபவர்களிடம் பெயர், தொழில், வருமானம் எதையும் கேட்கக் கூடாது.' சாப்பிட வரலைம்மா, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியத்தை அவர் தயாராக வைத்திருந்தார். பரிமாறிய பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தட்டு நிறைந்து கைக்கு வந்துவிட்டது.

"வாங்கண்ணே, இப்படி உக்காருங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தவர் ரேடியோ. நீங்கள் எங்கே இங்கே என்று அவரும் கேட்கவில்லை.

டயர்க்காரர் சோற்றை விரலால் துழாவினார். கல் இல்லை. பக்கத்தில் ரேடியோ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆள் வாய் மூடி அவர் பார்த்ததேயில்லை.

"என்னய்யா, பேச்சையே காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு." ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னார், "இங்க யாரும் கேக்கறதில்லண்ணே."

"அது ஒரு மாதிரி இல்ல?"

ரேடியோ நிஜமாகவே யோசித்தார். "சனிக்கிழமையே எனக்குக் கவலை புடிச்சிக்கும், நாளைக்கு அண்ணன்கிட்ட என்னத்தச் சொல்றதுன்னு. இருக்கறதெல்லாம் எப்பவோ சொல்லித் தீந்துபோச்சு. கூடப் பொறந்த அண்ணன்னு எனக்கு யாரும் கெடையாது." குரலில் குத்தல் எதுவும் இல்லை. "உப்பு வேணுமாண்ணே? இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

டயர்க்காரர் உப்பை வாங்கிக்கொண்டார். தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுத் திரும்பினார். வால்வு எங்கே என்று மனைவி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், கை டயர்களை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. ராத்திரி மழை பெய்திருந்தது. மதியத்துக்கு மேல், முன்பு ஞாயிறுதோறும் வரிசையில் நின்ற, அட்டைப்பெட்டி பொறுக்கும் அம்மாள் ஈர உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சாப்பிட்டாயிற்று என்பது பார்த்தாலே தெரிந்தது. கேட்காமலே ஒரு டயரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அங்க துன்னதும் எந்திரிச்சிடணும்ண்ணே. பின்னாடி ஆளு நிக்கும். இது குந்தறதுக்கு நல்லாருக்கு."

கால் வீக்கம் எப்படி இருக்கு என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. உதட்டை மூடிக்கொண்டு கடைசி டயரை நிமிர்த்தினார்.

அவள் பாதத்தைப் பிடித்துவிட்டபடி கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க எப்படிண்ணே இருக்கீங்க?"

உள்ளே நிற்கும் மழைத்தண்ணீரைக் கொட்டுவதற்காக அவர் டயரைச் சாய்த்தார். தண்ணீர் வெளியே வரவில்லை. இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் ஓடி, வளையத்துக்குள்ளேயே சளசளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.