வார்னிஷ் பூசிய வேட்பாளர்

எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்த மூன்றாம் வாரமே யெரூன் துரை, டான்யூப் கரையிலிருக்கும் எங்கள் ரூசே நகரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். தன் நாட்டுப் பத்திரிகைக்கு ‘முதல் பார்வை’ என்று தொடர் எழுதினார். டான்யூப் நதிக்கு நாற்பது வரி. எங்களுக்கு ஒரே வரி: சிரிக்காதவர்கள். டச்சுக்காரர் இங்கே வந்தால் எழுத்தாளர். எங்கள் பையன்கள் அங்கே போனால் கூலியாள்.

அந்த வாரம் இரண்டாம் மாடி ஸ்தோயங்கா என் கதவைத் தட்டினாள். கீழே வாசற்கதவில் ஒட்டியிருந்த அவள் மகன் பிளாமெனின் மரண அறிவிப்பைக் காணவில்லை. படமும் சிலுவையும் போட்ட அந்தத் தாளை யாரும் கையால் எடுக்க மாட்டோம். மழையும் வெயிலும்தான் எடுக்க வேண்டும்.

“கதவு அசிங்கமா இருக்குன்னு நீதானே கிழிச்சே, வாத்தியாரே?”

“நான் கட்டடத் தலைவர், ஸ்தோயங்கா. காட்டுமிராண்டி இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சங் கொஞ்சமா வெளிறி அவனா போகணும். அப்பத்தான் எனக்கும் அவனை விட மனசு வரும்.”

ஞாயிறன்று துரை எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார். மொழிபெயர்க்க நான். ஸ்தோயங்கா பாலாடைக்கட்டி அப்பம் சுட்டு எடுத்துவந்தாள்.

கூடத்துச் சுவரில் பிளாமென் இருந்தான். பலகையில் ஒட்டி, மேலே பளபளவென்று வார்னிஷ்.

“உள்ளூர்த் தேர்தல் போஸ்டர்,” என்றார் துரை. சிலுவையைக் கட்சிச் சின்னம் என்று நினைத்திருக்கிறார். “மழையில நனைஞ்சு கிடந்தது, நான்தான் காப்பாத்தினேன். நேர்மையான முகம். ஆள் ஜெயிச்சாரா?”

ஸ்தோயங்கா என் கையைப் பிடித்தாள். “என்ன சொல்றான்?”

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன், அந்த மொழியே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் நினைத்தேன். சொன்னேன்.

“இவன் நாட்டுலதான் என் பையன் கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்தான்னு சொல்லு. பெட்டியில போட்டு அனுப்பினாங்கன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். துரை பதறிப்போய்ப் பலகையை இறக்கி, தாளை நகத்தால் சுரண்டினார். பிளாமெனின் ஒரு காது பிய்ந்து வந்தது.

“கையை எடுக்கச் சொல்லு.” பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

வாசற்கதவில் நான்தான் ஆணி அடித்துக் கொடுத்தேன். அதன்பின் நான்கு பனிக்காலம் போய்விட்டது. துரை வேறொரு நாட்டை முதல் பார்வை பார்க்கப் போய்விட்டார். அதே கதவில் இன்னும் ஏழு பேர் வந்து, நனைந்து, வெளிறி, உதிர்ந்தார்கள். பிளாமென் மட்டும் ஒரு காதோடு அப்படியே இருக்கிறான்.

ஸ்தோயங்கா இப்போதெல்லாம் பின்வாசல் வழியாக, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி வீட்டுக்கு வருகிறாள்.