ஹெய்க்கி கோர்ப்பெலாவின் வலது கை

அந்த ஜூன் மாதக் காலையில் லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஹெய்க்கி கோர்ப்பெலாவின் பேத்தி தாய்மி, அவள் அண்ணனாகிய நான், நினைவுக்கல் குழுத் தலைவர் வெய்னோ ரவுஹலா, பக்கத்து மாவட்ட நீதிமன்ற எழுத்தர் திருமதி டோலரஸ் பெல்ட்டியே. ஹெய்க்கியும் இருந்தார். இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அவருடைய வலது கை முழங்கைவரை புல்லுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் பிறகு வந்தவர்கள்.

ஹெய்க்கி பின்லாந்திலிருந்து மிச்சிகனின் செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர். வேலைநிறுத்தம் தோற்ற ஆண்டில் சுரங்கம் அவரை வெளியே தள்ளியது. மரம் வெட்டக் காட்டுக்குப் போனார். இரண்டு குளிர்காலம் கழித்து, பனி உருகும் நாளில், கை தலைக்கு மேல் உயர்ந்தபடி ரயிலிலிருந்து இறங்கினார். உள்ளங்கை முன்புறம் பார்த்திருந்தது, நீதிமன்றத்தில் குடியுரிமைச் சத்தியம் செய்கிறவரைப் போல. காரணம் சொல்லவில்லை. சொல்லாததைக் கேட்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. மனைவி ஹில்மா அவர் சட்டைகளின் வலது கையை மேல்நோக்கித் தைத்தாள், நீராவிக் குளியலறைக் கூரையில் கை நுழைய ஒரு துளை போடச் செய்தாள். இரவில் மட்டும், "எறக்குங்களேன்" என்பாள். அவர் தலையை ஆட்டி மறுப்பார். குளிர்காலத்தில் விரல்மேல் சேரும் பனியை நிலைப்படியில் தட்டிவிட்டுக் குனிந்து வீட்டுக்குள் நுழைவார். இடது கையாலேயே பால் கறந்தார், உருளைக்கிழங்கு நட்டார், நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். செத்தபோது சவப்பெட்டி மூடியில் கைக்கென்று ஒரு கூண்டு அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மண் குளிரில் உப்பிக் கற்களை மேலே தள்ளும் மண். ஒவ்வொரு வசந்தத்திலும் கற்களோடு கையும் கொஞ்சம் ஏறி வந்தது. புல் வெட்டுகிறவர்கள் சுற்றி வெட்டினார்கள்.

சத்தியம் பாதியில் நின்றுபோய்விட்டது, அவர் குடிமகனே ஆகவில்லை என்பது ஊரின் முடிவு. எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்ததும் முதல் பத்திரம் மட்டுமே, அதாவது குடிமகனாக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு. இரண்டாவது பத்திரமான குடியுரிமை மனு இல்லை. எங்கள் குடும்பம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு, குடியுரிமை பெற்ற முன்னோர் பெயர்களைக் கல்லில் வெட்டி நடுக்கோடைத் திருநாளன்று திறப்பதென்று எங்கள் திருச்சபை தீர்மானித்தது. ஆராதனை முடிந்து காப்பி மேசையில், எல்லோர் காதிலும் விழ, வெய்னோ கேட்டான்.

"ஏன் தாய்மி, உங்க தாத்தா சத்தியத்த முடிச்சிட்டாரா? முடிச்சதும் சொல்லி அனுப்பு, பேர வெட்டிடலாம்."

"ஒங்க தாத்தா முடிச்ச கையோட சாராயக் கடைக்குப் போனாரு. எங்க தாத்தாவுக்கு கிளாஸ் புடிக்கிற கை வாய்க்கு எட்டல. அதையும் கல்லுல வெட்டுவியா?"

"பத்திரத்தக் கொண்டா, அப்புறம் பேசு."

தாய்மி கோபத்தில் மூன்று ரொட்டி சுட்டாள். மாவு பிசையும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாவது பத்திரத்துக்கு ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு குடிமக்கள் சாட்சி சொல்ல வேண்டும். வேலைநிறுத்தக்காரனுக்காக இந்த ஊரில் எவன் சாட்சிக்கு வந்திருப்பான்? தவிர, மனுவை அவரவர் குடியிருக்கும் மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும். தாத்தா அப்போது குடியிருந்தது மரம் வெட்டுகிறவர்களின் முகாமில்.

அந்த முகாம் இருந்த பக்கத்து மாவட்டத்தின் நீதிமன்றத்துக்குத் தாய்மி போனாள். அங்கே நிலவறையிலிருந்து திருமதி பெல்ட்டியே தூக்கி வந்த தடித்த தொகுப்பில் ஹெய்க்கி இருந்தார். முகாமின் சமையல்காரரும் கொல்லரும் சாட்சி. சத்தியம் முழுமையாக முடிந்திருந்தது. கையெழுத்து மட்டும் கோணல், இடது கையால் போட்டது. ஓரத்தில் அன்றைய எழுத்தர் குறித்திருந்தார்: நீதிபதி ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார், நான் கதவைப் பூட்ட வந்தபோதும் இந்த மனிதர் கையை உயர்த்தியபடியே நின்றார்.

"அய்யோ, கைய எறக்கச் சொல்ல மறந்துட்டாங்களாம்மா?" என்றாள் திருமதி பெல்ட்டியே.

"சொல்லாம எறக்க மாட்டாரு. எங்க ஆளுங்க அப்படித்தான். பாட்டி தெனம் சொல்லிப் பாத்தாங்க."

"பாட்டி கோர்ட்டு இல்லையேம்மா," என்று திருமதி பெல்ட்டியே தன் கோட்டை எடுத்தாள்.

கல்லறையில், நாங்கள் அழைத்து வந்திருந்த வெய்னோவின் முன்னால், அவள் நேராக நின்று, நீதிமன்றக் குரலில் சொன்னாள்: "மிஸ்டர் கோர்ப்பெலா, சத்தியம் முடிஞ்சிருச்சு. நீங்க இந்த நாட்டுக் குடிமகன். கைய எறக்கலாங்க."

முதலில் விரல்கள் மடங்கின. பிறகு முழு நாளும் வேலை செய்தவன் கையைத் தொங்கவிடுவது போல அந்தக் கை மெதுவாக இறங்கியது. மண் மூடியது. வெய்னோ தொப்பியைக் கழற்றினான். "பேர எப்படி வெட்டணும்னு எழுதிக் குடு," என்றான். தாய்மி எழுதிக் கொடுத்தாள். நடுக்கோடைத் திருநாளன்று அந்தப் பெயர் கல்லில் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இறங்கும் முன் அந்தக் கை வெய்னோவுக்கு டாட்டா காட்டியதாக ஊரில் சொல்கிறார்கள். காட்டவில்லை. இறக்கச் சொன்னார்கள், இறக்கினார்.