கரை கட்டிய ஆள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்து இது இரண்டாவது வருஷம். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு மனைவிக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அவள் வேலைக்குப் போனாள். இவர் வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கும் ஆம்பிளைக்கு என்னென்ன பெயர் உண்டோ அத்தனையும் வைத்தாயிற்று. முகத்துக்கு நேரே சொல்லாததுதான் அந்த வீட்டு மரியாதை.

மாமனார் ஓய்வுபெற்ற ஓவர்சியர். யாரையும் திட்டமாட்டார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்.

"மாப்ளே, சும்மாதானே இருக்கீங்க? முன்னாடி புல்லெல்லாம் பூச்செடிக்குள்ள ஏறுது பாருங்க. பாத்தியைச் சுத்தி ஒரு கரை கட்டுங்களேன். ஞாயித்துக்கிழமை பாப்பாவோட ஆபீஸ் மேடம் வேற வராங்க."

அந்த 'சும்மாதானே' சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வேலை என்று ஒன்று கிடைத்ததே என்று மனுஷன் மண்வெட்டியை எடுத்தார்.

தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயைப் புல்மேல் வளைத்துப் போட்டார். மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். வளைவு பிடிக்கவில்லை, இறங்கி வந்து நகர்த்தினார், மறுபடி ஏறினார். பிறகு குழாயை ஒட்டியே பள்ளம் வெட்டி, மணல் போட்டு இடித்து, கொல்லையில் கிடந்த பழைய செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பாதி புதைத்துக்கொண்டே போனார். ஒரு கல் தலையைத் தூக்கினாலும் அங்கிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி வைத்தார்.

"நாலு கல்லு அடுக்க இத்தனை நாளா? கோட்டையில்ல கட்டறாரு!" என்றாள் மாமியார், அடுப்பைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வாசல் கேட் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்று அவர் கையைத் தொட்டாள். அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. மேடத்திடம் 'இவர்தான் பண்ணார்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள். மாமனார் காதிலும் மாமியார் காதிலும் அது விழும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும்.

ஞாயிற்றுக்கிழமை நகத்து அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

மேடம் காரிலிருந்து இறங்கினாள்.

"இவர் என் வீட்டுக்காரர் மேடம். பிசினஸ் பண்றார்" என்றாள் மனைவி. இது அவருக்கே புதுச் செய்தி.

மேடத்தின் கண் அவர்மேல் நிற்கவில்லை, பாத்திமேல் போய்விட்டது. "அடேயப்பா, என்ன வளைவு, என்ன நேர்த்தி! யாரும்மா பண்ணது?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆள் வச்சுப் பண்ணோம் மேடம்."

"நான் பக்கத்துலயே நின்னு வேலை வாங்கினேன்," என்றார் மாமனார். "இல்லைன்னா ஏமாத்திடுவானுங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட மாப்பிள்ளை வாங்கிக்கொண்டிருப்பார்.

"எங்க வீட்டுலயும் பண்ணணும். ஆளோட நம்பர் குடேன்."

"அவன் ஊருக்குப் போயிட்டான் மேடம்" என்றாள் மனைவி.

அவன். இரண்டு வருஷத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு 'ங்க'வும் போயிற்று.

"போகலை மேடம், இங்கேதான் இருக்கான்," என்றார் அவர். "நம்பர் என்கிட்ட இருக்கு. போட்டுக்குங்க."

ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பாதியிலேயே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க..." என்றாள். அவர் கடைசி எண்ணையும் சொல்லி முடித்தார்.

"ஒரு மிஸ்டு கால் குடுத்துடறேன். என் நம்பரும் அவனுக்குப் போயிடும்" என்று மேடம் பொத்தானை அழுத்தினாள்.

இஸ்திரி போட்ட சட்டைப்பையில் போன் அடித்தது. மாமனார் ஆகாயத்தைப் பார்த்தார். மேடம் தன் போனைப் பார்த்தாள், அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். அவளுக்கு அழைப்பை அணைக்கத் தோன்றவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் பின்னாலிருந்து கையை எடுத்தார். நகமெல்லாம் செம்மண். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தபடியே சொன்னார்:

"சொல்லுங்கம்மா. என்னைக்கு வேலைக்கு வரணும்?"