பேரை மட்டும்

ஒலிப்பதிவு அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு மைக்கக்கா காத்திருந்தாள். அது சுற்றினால் குரலோடு இரைச்சலும் விழும். கட்சி அவளுக்கு அந்தப் பெயர் வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. யார் யாருக்கோ வண்டியில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்ட தொண்டை. இந்த முறை நகராட்சி சீட்டு அவளுக்கே என்று செயலாளர் வாயாலேயே சொன்னதால், நேற்று தனக்காகப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தாள்.

காலையில் பட்டியல் வந்தது. அதில் செயலாளரின் மருமகள் பெயர் இருந்தது.

செயலாளரின் ஆள் கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன பேசணும்னு எழுதிட்டு வரலையா?"

"எதுக்குக்கா? நேத்து பேசினதே பிரமாதமாம். அண்ணன் ரெண்டு தரம் போட்டுக் கேட்டாரு. பேரை மட்டும் மாத்திடுங்க."

பதிவுக்காரர் நேற்றையதை ஓடவிட்டார். 'குடிநீர்க் குழாய்க்காக நடுரோட்டில் படுத்தவர்... தடியடியில் கை முறிந்தவர்... உங்கள் வீட்டு மகள்...'

"படுத்தது நான்." கோணலாய்க் கூடியிருந்த முன்கை எலும்பை அவள் மறு கையால் பிடித்திருந்தாள். "அந்தப் பொண்ணு அப்ப பள்ளிக்கூடத்துல இருந்திருக்கும்."

"யாருக்கா தோண்டிப் பாக்கப் போறா? கட்சி படுத்துச்சுன்னு வெச்சுக்குங்களேன்."

"கட்சி எங்க படுத்துச்சு? போட்டோ எடுத்துட்டு ஜீப்ல ஏறிப் போயிடுச்சு."

பதிவுக்காரர் சிரித்துவிட்டார். ஆள் திரும்பிப் பார்த்ததும் மவுஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் பேசலைன்னா?"

"உங்க இஷ்டம்க்கா." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மாமா இன்னும் அண்ணன் குடோன்லதானே வேலை பாக்குறாரு?"

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மருமகளின் பெயரைச் சொன்னாள்.

"ஒட்ட மாட்டேங்குதுக்கா," என்றார் பதிவுக்காரர். "நேத்து உங்க பேரைச் சொல்றப்ப குரல் கொஞ்சம் மேல ஏறுச்சு. அந்த மாதிரி வேணும்."

தண்ணீர் குடித்தாள். இன்னொரு முறை சொன்னாள். அதுவும் சரிவரவில்லை. மூன்றாவது முறை பொருந்தியது. பதிவுக்காரர் பழைய பெயரை வெட்டி எடுத்த இடத்தில் புதியதை வைத்து ஓட்டிக் காட்டினார். தையல் தெரியவில்லை.

"வெட்டின துண்டு சும்மாதான் கிடக்கு. போன்ல ஏத்தித் தரட்டுமா?"

"எவ்வளவு நேரம் வரும்?"

"ஒண்ணேகால் செகண்டு."

அவள் போனை எடுத்து நீட்டினாள். செயலாளரின் ஆள் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டான்.