காவலுக்கு மாற்று ஆள்

"ஆபீசர் வர்றார்" என்று சொன்னால் போதும், சார்ஜன்ட் குளிக்கப் போய்விடுவார். வேறு என்ன சொன்னாலும் அசையமாட்டார். இந்தத் தந்திரத்தை அவர் மனைவி கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. குளிக்க ஒரு ஆபீசர், நகம் வெட்ட ஒரு ஆபீசர், மாத்திரை விழுங்க ஒரு ஆபீசர். இதுவரை வாசற்படியை மிதிக்காத அந்த ஆபீசருக்குப் பயந்துதான் அந்த வீட்டில் எல்லாக் காரியமும் நடந்தது.

அன்றைக்கு நிஜமாகவே ஒருவர் வருவதாக இருந்தது.

அவர் ராணுவத்திலிருந்து வந்து எத்தனையோ வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் சார்ஜன்ட்தான். அவளுக்கு சார்ஜன்டம்மா என்று பெயர். எல்லைக் காவலில் இருந்தபோது பக்கத்திலேயே குண்டு வெடித்தும் அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை என்று ஊரே மெச்சியது. மண்டைக்குள் பட்ட அடி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் கழித்து அது மெல்லத் தலைகாட்டியது. முதலில் ஆட்களின் பெயர் போனது. அப்புறம் தெருவுக்கு வழி போனது. இப்போது அவருக்கு இந்த வீடே ஒரு முகாம். சமையலறை மெஸ். வாசல் கேட் செக்போஸ்ட். டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அதை மனப்பாடம் செய்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

அவளுக்குத் தெரிந்தது அன்றாடப் பாடு. கேட் தாழ்ப்பாளில் ஒரு மணி கட்டியிருந்தாள், அவர் திறந்தால் கேட்க வேண்டும் என்று. பிரஷர் குக்கர் பரணுக்குப் போய்விட்டது. விசில் அடித்தால் அவர் மேஜைக்கு அடியில் பாய்வார், பாய்கிற வேகத்தில் அவள் கையையும் பிடித்து இழுத்துக்கொள்வார். குளியலறைக் கதவை அவள் முழுக்கச் சாத்துவதே இல்லை. இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வாள், "இருக்கீங்களா?" என்று கத்துவாள். "பிரசன்ட் சார்!" என்று பதில் வரும். இன்னும் இரண்டு சொம்பு. இது குளியலா, ரோல் காலா என்று அவளுக்கே சில நாள் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை. பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருமுறை அவர் சத்தம் போட்டதைக் கேட்டதிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்தார்கள்.

நாத்தனார் மட்டும் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். "அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி?" என்பாள். "நல்லா இருக்கார்" என்பாள் இவள். உடனே யோசனைகள் கொட்டும். நடக்க வையுங்கள், பாட்டுப் போடுங்கள், எண்ணெய் தேய்த்து விடுங்கள். அத்தனை யோசனையையும் சேர்த்தால் ஒரு ஆஸ்பத்திரியே நடத்தலாம். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அவள் ஒரு ஞாயிறும் கேட்டதில்லை.

அண்ணிக்கு வலது கண் போய்க்கொண்டிருந்தது. புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று கண் டாக்டர் கோபித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் குறித்துத் தள்ளிப்போட்டாயிற்று. அவரை யாரிடம் விட்டுவிட்டு அவள் போவாள்? ஆபரேஷனுக்குப் பிறகு குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்கிறார்கள். அவரை மேஜைக்கு அடியிலிருந்து யார் தூக்குவது? இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் காலை மாத்திரைக்குப் பதிலாக ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் உருண்டை. பகல் முழுக்க அவர் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் தெளிந்ததும்தான் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

அங்கே ஒரு உதவி இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் மூச்சு விட்டுக்கொள்ள, பயிற்சி பெற்ற ஒரு ஆளை வாரத்தில் சில மதியங்கள் அனுப்புவார்கள். பார்த்துக்கொள்பவரே ஆஸ்பத்திரியில் படுத்தால் முழு நாளும் வருவார். ஒரே ஒரு நிபந்தனை. இவரைத் தனியாக விட முடியாது என்று, வந்து பார்க்கிற அதிகாரிக்குத் தோன்ற வேண்டும்.

பிசகு அங்கேதான் நடந்தது. அதிகாரி வருகிற அன்று காலையில் பழக்க தோஷத்தில் அவள், "எழுந்திருங்க, ஆபீசர் வர்றார்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சார்ஜன்ட் குளியலறைக்குள் போயிருந்தார். தானே சவரம் செய்துகொண்டு வந்தார், கன்னத்தில் ஒரு வெட்டு இல்லை. ஷூவை எச்சில் தொட்டுத் துடைத்தார். படுக்கை விரிப்பைச் சுருக்கமே இல்லாமல் இழுத்து விட்டார். விட்டுவிடலாமே, சட்டையை அழுக்காகவே போட்டு உட்கார வைக்கலாமே என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. மனம் வரவில்லை. வேற்று மனிதர் முன்னால் தன் புருஷனை அலங்கோலமாக நிறுத்துவதற்கு எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

நல அதிகாரி நடுவயதுப் பெண். தோளில் ஒரு பை, முகத்தில் பஸ் நெரிசலில் வந்த களைப்பு. படியேறியதும் சார்ஜன்ட் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். பாவம், அந்தப் பெண் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"உட்காருங்கய்யா, உட்காருங்க."

"தேங்க் யூ, சார்!"

அதிகாரி என்றால் அவருக்கு சார்தான், அதில் ஆண் பெண் என்றெல்லாம் கிடையாது. அதிகாரி அவர் பெயரைக் கேட்டாள். பெயர், படை எண், பதவி, பிரிவு எல்லாவற்றையும் கூரை அதிர ஒப்பித்தார். மனைவியின் பெயரை மறந்தவருக்கு அந்த எண் மட்டும் எங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்ததோ.

"இன்னிக்கு என்ன கிழமைய்யா?"

"அது கிளார்க் ரூம்ல எழுதிப் போட்டிருப்பாங்க, சார். பார்த்துச் சொல்லட்டுமா?"

அதிகாரி சிரித்துவிட்டாள். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"நீங்களே சாப்பிட்டுக்குவீங்களா?"

"எஸ், சார்!"

"குளிக்கிறது, பாத்ரூம் போறது?"

"எஸ், சார்!"

"ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"நோ கம்ப்ளெயின்ட்ஸ், சார்!"

சோதனைக்கு வரும் ஆபீசரிடம் எந்தச் சிப்பாய்தான் குறை சொல்லியிருக்கிறான்? அதிகாரி எழுதிக்கொண்டே போனாள். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சார்ஜன்டம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு எப்படி இருக்கு? சமாளிக்க முடியுதா?"

யாரும் கேட்காத கேள்வி. இதற்காகத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்! கண்ணைச் சொல்ல வேண்டும், மாத்திரையைச் சொல்ல வேண்டும், மேஜைக்கு அடியைச் சொல்ல வேண்டும். எதிரில் அவர் கையை முழங்காலில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கென்னம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவளே திடுக்கிட்டுப் போனாள். ஆனால் அந்த வாக்கியம் அவள் வாயில் இன்று நேற்று ஊறியதல்ல. அவர் எல்லையில் இருந்த காலத்தில் எப்போதாவது ஒரு போன் வரும். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கவலையைக் கொட்டக் கூடாது, துப்பாக்கி பிடிக்கிற கை நடுங்கும் என்று சிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் தெரியும். புயலில் கூரை பறந்துபோன அன்றுகூட, நனைந்த துணியோடு போன் பூத்தில் நின்று, "இங்க எல்லாம் நல்லா இருக்கு, நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க" என்றவள் அவள். அவர் காதுபட வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவே வராது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று அதிகாரி எழுந்தாள். "ஐயா நல்லா தெம்பா இருக்கார். எங்ககிட்ட ஆளுங்க கம்மி, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கே அனுப்ப முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள் சார்ஜன்டம்மா. இனி யாரும் வரப்போவதில்லை. இந்தக் கண் போகும், அடுத்ததும் போகும், இரண்டு வெள்ளை மாத்திரையையும் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். இதைக்கூட வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாத தன் மேல் அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஆபீசரை வழியனுப்ப சார்ஜன்டும் கேட் வரை வந்தார். அதிகாரி தாழ்ப்பாளில் கை வைத்ததும் மணி அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், ஒரு விஷயம். என்னைப் பத்தி ஒண்ணுமில்லை. ஆனா ஆபீசருக்குத் தெரிஞ்சாகணும்."

"சொல்லுங்கய்யா."

"இந்தப் போஸ்ட்ல காவலுக்கு ஒரே ஆள்தான் சார் நிக்குது. ராத்திரியும் அதான், பகலும் அதான். மாத்து ஆள் வரவேயில்லை. இது ரூல்ல இல்லை, சார். பாவம், நின்னுக்கிட்டே தூங்குது. கண்ணு வேற சரியாத் தெரியலை. சுவரைத் தடவித் தடவி நடக்குது. நான் பார்க்கிறேன், பார்க்காத மாதிரி இருந்துக்கிறேன். சொன்னா ரோஷப்படும்."

"யாரைச் சொல்றீங்க?"

சார்ஜன்ட் திரும்பி, கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ, அந்த ஆள்தான். ஒரு நாளும் போஸ்ட்டை விட்டு நகர்ந்ததில்லை, சார். நல்ல ஆள்."

"அவங்க பேர் என்ன?"

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு எதையோ தேடியது.

"தெரியலை, சார்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "புது ஆள்."

சார்ஜன்டம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அப்படியும் அழுகை நிற்கவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருடமாக அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்தவருக்கு அவள் யார் என்றுதான் தெரியவில்லை. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதிகாரி கேட்டை மறுபடி சாத்தினாள். "உள்ளே போய் உட்காரலாம்மா" என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

"அம்மா, நான் சொன்னது அத்தனையும் பொய்" என்று ஆரம்பித்தாள் சார்ஜன்டம்மா. ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் உதவியாள் வந்தார். நரைத்த மீசை, கையில் சாப்பாட்டுப் பை, சாந்தமான முகம். சார்ஜன்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்ஸ் எங்கே?"

உதவியாள் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். "மழைல நனைஞ்சிருச்சு, சார். காய வச்சிருக்கேன்."

ஆள் விவரமானவர்தான் என்று சார்ஜன்டம்மாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மாத்திரை டப்பா, கேட் மணி, காபி சூடாக இருந்தால் குடிக்கமாட்டார் என்பது, "ஆபீசர் வர்றார்" என்று எப்போது சொல்ல வேண்டும் என்பது எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னதையே திரும்பவும் சொன்னாள். சார்ஜன்ட் பக்கத்தில் நின்று முழுவதையும் கவனித்துக் கேட்டார்.

"போஸ்ட்டை ஒப்படைச்சாச்சா?"

ஏங்க, நான்தாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஒப்படைச்சாச்சு, சார்."

ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டினாள். மணி அடித்தது. அவர் உள்ளே இருந்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வீடு எங்கே உனக்கு?"

"பக்கத்துலதான், சார்."

"அப்போ சரி. நேரா வீட்டுக்குப் போ, நல்லாத் தூங்கு. ரொம்ப நாள் ஆச்சு, வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க."

அவள் தலையாட்டிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.